கள்ளுக்கடையும் சைக்கிளும்

கதை எழுதுகிறவர்களுக்குக் குடிகாரனைப் போல உபகாரி வேறு யாரும் கிடையாது. இருபதாவது அத்தியாயத்தில் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரவேண்டுமா? குடும்பத் தலைவனைக் கள்ளுக்கடைக்கு அனுப்பிவிட்டால் போதும். கதாநாயகி கண்ணீர் வடிக்க வேண்டுமா? அவளுடைய சங்கிலியை அவன் அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும். கடைசியில் அவன் திருந்தியாக வேண்டுமானால், குழந்தைக்கு ஜுரம் வந்தால் சரியாகிவிடும். இவ்வளவு சௌகரியங்களையும் செய்து கொடுக்கிற அந்த மனிதனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ ஏனப்பா குடிக்கிறாய்?" என்று விசாரிக்கிற கதைகள் அபூர்வம்.

கதைகளை விடுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். ஒருவர், "மனசிலே உறுதி இல்லாத பயல்" என்பார். இன்னொருவர், "அந்தச் சனியன் அப்படிப்பட்டது. ஒரு தடவை தொட்டவனை விடாது" என்பார். முதல் பதிலில் குற்றம் மனிதனுடையது. இரண்டாவதில் குற்றம் சரக்கினுடையது. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு பேரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. குடிக்கிற அந்த ஒரு மணி நேரம் போக, பாக்கி இருபத்துமூன்று மணி நேரத்தில் அந்த மனிதன் தன் இஷ்டப்படி செய்யக்கூடிய காரியம் என்று ஏதாவது இருந்ததா?

இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் ஓரிடத்தில், கள்ளுக்கடையின் வாடிக்கைக்காரர்களே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். "நாங்கள் ஏன் குடிக்கிறோம்" என்ற தலைப்பில் அல்ல. 1941-ம் வருஷம் மலாயாவில், ரப்பர் தோட்டத் தொழிலாளர் முதலாளிகள் முன் வைத்த கோரிக்கைப் பட்டியலில். அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எழுதியவர்கள் வாழ்ந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் உலகமெங்கும் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கின. வண்டி ஓட டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க ஆள் வேண்டும். மலாயாவில் மரம் இருந்தது. தமிழ்நாட்டில் ஆள் இருந்தது. 'சஞ்சிக் கூலி' என்று ஜனங்கள் சொன்ன ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் கங்காணி முறை தொடர்ந்தது. தோட்டத்திலிருந்து கங்காணி தம் சொந்த ஊருக்கு வருவார். அவர் அந்நியர் அல்ல. தெரிந்த முகம், சில சமயம் உறவுக்காரர். மழை பொய்த்த கிராமத்தில் அவருடைய பேச்சு மழை மாதிரி இருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினவர்கள் பினாங்கிலோ போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்குவார்கள்.

இறங்கிய பிறகு அவர்களுடைய உலகம் தோட்டத்து எல்லையோடு முடிந்துவிடும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். எந்த நிரையில் மரம் சீவுவது என்பதைக் கங்காணி சொல்வார். எடுத்த பால் எவ்வளவு என்பதைக் கிராணி சொல்வார். அன்றைக்கு முழுக் கூலியா, அரைக் கூலியா என்பதையும் மற்றவர்கள்தான் தீர்மானிப்பார்கள். குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். உடம்புக்கு வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி. பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம், அதுவும் இருந்தால். ஊரிலிருந்து அண்ணனோ மாமனோ பார்க்க வந்தால் அவரை உள்ளே விடுவதும் விடாததும் துரையின் சித்தம்.

அந்தத் தோட்டத்தில் தொழிலாளிக்காக ஒரே ஓர் இடம் தயாராகக் காத்திருந்தது. அது கள்ளுக்கடை. தென்னங்கள் இறக்கி, அளந்து, காசுக்கு ஊற்றிக் கொடுக்கிற கடை. பல தோட்டங்களில் நிர்வாகமே கடையை நடத்தியது. விற்பனையில் கிடைத்த லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று நிதி ஒதுக்குகிற வழக்கமும் இருந்தது. கள்ளில் சத்து இருக்கிறது என்று வாதிட்டவர்கள் உண்டு. கள்ளை நிறுத்தினால் 'சம்சு' என்ற திருட்டுச் சாராயத்தைத் தேடிப் போவார்கள் என்று எச்சரித்தவர்களும் உண்டு. மலாயாவிலே இது தமிழனுக்கு மட்டும் நடந்த உபசாரம் என்று நினைக்க வேண்டாம். சீனத் தொழிலாளிக்கு அபின் இருந்தது. 1910-லிருந்து அதைத் தயாரித்து விற்கிற ஏகபோக உரிமையைச் சர்க்காரே வைத்துக்கொண்டிருந்தது.

கள்ளின் கெடுதி சர்க்காருக்குத் தெரியாமல் இல்லை. சிலாங்கூர் மாநிலத்தின் கடலோரப் பகுதிகளில் கள் துஷ்பிரயோகமாவது பற்றி விசாரிக்க ஒரு கமிஷனே போட்டார்கள்; 1917-ல் அதன் அறிக்கையும் வந்தது. விசாரணையின் பொருள் கள். நாள் முழுவதும் மற்றவர் வாயைப் பார்த்தே நிற்க வேண்டிய ஒரு மனிதனுக்கு மாலையில் அந்தக் கள் என்னவாக இருந்தது என்பது கமிஷன் விசாரிக்கக்கூடிய விஷயம் அல்லவே!

அதே கடலோரப் பகுதியில்தான் கிள்ளான் இருக்கிறது. இருபத்துநாலு வருஷம் கழித்து அங்கிருந்துதான் பதில் வந்தது.

நடுவில் பல காரியங்கள் நடந்துவிட்டன. 1930-ஐ ஒட்டி உலக மந்தம் வந்தபோது ரப்பர் விலை சரிந்தது, கூலியைக் குறைத்தார்கள், லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது அனுப்பிவிடலாம் என்பது அப்போது எல்லாருக்கும் வெட்ட வெளிச்சமாயிற்று. பெரியார் மலாயாவுக்கு வந்து சுயமரியாதை பேசிவிட்டுப் போயிருந்தார். 1937-ல் நேரு வந்தார். 1938-ல் இந்திய சர்க்கார், தொழிலாளர்களை உதவி கொடுத்து அழைத்துப் போகும் முறைக்குத் தடை போட்டது. பிறகு ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது, விலைவாசியும் ஏறியது. ஆண் தொழிலாளியின் நாட்கூலியோ 50 காசில் நின்றது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. பக்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம்.

கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர் சங்கம் ஒன்று எழுந்தது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர். 1941-ல் தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தம் பரவிய சமயத்தில், தொழிலாளரின் கோரிக்கைகளைப் பன்னிரண்டாகத் தொகுத்து முன்வைத்தார்கள்.

கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும். தொழிலாளரைக் கொடுமைப்படுத்தும் மேற்பார்வையாளர்களை நீக்கி, தமிழர்களை அந்த வேலைக்கு வைக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும். துரைமாரும், துரைமாரின் தோரணையைக் கற்றுக்கொண்ட கறுப்புத் துரைகளும் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். வைத்திய வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூட்டம் கூடவும் சுதந்திரம் வேண்டும். உறவினரும் சிநேகிதரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரையோ மற்ற உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் வைத்துக்கொள்ள அநுமதி வேண்டும்.

இந்தப் பட்டியலை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் கண் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது: ஒன்று கள்ளுக்கடை, மற்றொன்று சைக்கிள்.

சைக்கிளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்பது நியாயம், வயிறு கேட்கிறது. ஆஸ்பத்திரி கேட்பது நியாயம், உடம்பு கேட்கிறது. சைக்கிளிலிருந்து இறங்காமல் போகிற உரிமையை யார் கேட்கிறார்கள்? அதில் காலணா லாபம் இல்லை. இறங்கி ஏறினால் ஒரு நிமிஷம் நஷ்டம், அவ்வளவுதான். ஆனால் சொந்தக் காசைச் சேர்த்துச் சைக்கிள் வாங்கி, பின்னால் மகனை உட்கார வைத்துக்கொண்டு போகிற ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். எதிரே துரையின் வண்டி வருகிறது. அப்பா இறங்குகிறார். ஓரமாக நிற்கிறார். வண்டி போன பிறகு மறுபடியும் ஏறுகிறார். மகன் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மகா கஷ்டம். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை இறக்கம்! பெரட்டில் ஒன்று, தராசடியில் ஒன்று, மனைவியிடம் யாரோ பல்லிளித்தான் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தபோது ஒன்று. சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போய்ச் சேருகிற மனிதன் இவ்வளவு இடங்களில் இறங்கிவிட்டுத்தான் அங்கே வருகிறான்.

இப்போது கள்ளுக்கடையைப் பாருங்கள். குடிக்கிறவர்களின் கூட்டமே, "எங்கள் கடையை மூடுங்கள்" என்று கேட்கிறது! குடி என்பது வெறும் ஆசைதான் என்றால் இப்படி யாராவது கேட்பார்களா? சரக்கு தொட்டவனை விடாது என்பதே முழு உண்மையாக இருந்தால், இந்தக் கோரிக்கையை எழுத அவர்களுக்குக் கை வந்திருக்குமா? அவர்கள் மற்றப் பதினொரு கோரிக்கைகளையும் பக்கத்தில் வைத்து இதைக் கேட்டார்கள். அதில்தான் சூக்ஷ்மம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பதினொன்றும் கள்ளுக்கடைக்குப் போகிற பதினொரு பாதைகள். பாதைகளை அடைக்காமல் கடையை மட்டும் மூடினால் சம்சுவைத் தேடிப் போவார்கள் என்று துரைமார் சொன்னது பொய்யல்ல. துரைமாருக்கும் தெரிந்திருந்தது, பாதைகள் திறந்தே இருக்கப் போகின்றன என்று!

மனிதன் கையாலாகாமல் நிற்கிறபோது போதையில் அப்படி என்ன கிடைக்கிறது? துக்கம் மறக்கிறது என்று சொல்வார்கள். அது பாதிதான். லான்ஸ் டோட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ வைத்தியர், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு நெடுங்காலம் சிகிச்சை செய்தவர், இதைப் பற்றி ஒரு நுட்பமான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். குடிக்கிறவனுக்கு நிம்மதி தொடங்குவது குடித்த பிறகு அல்ல. குடிப்பது என்று தீர்மானித்த அந்த நிமிஷத்திலேயே என்கிறார். யோசித்துப் பார்த்தால் நம் அக்கம்பக்கத்திலேயே இதைக் காணலாம். பதினோரு மணிக்கு மானேஜர் பத்துப் பேருக்கு முன்னால் ஒரு குமாஸ்தாவைத் திட்டுகிறார். பதில் பேசினால் வேலை போகும். உள்ளே கொதிக்கிறது. "சாயங்காலம் கடைக்குப் போய்விட வேண்டியதுதான்" என்று அவர் மனசுக்குள் முடிவு செய்கிறார். உடனே முகம் தெளிகிறது. பேனாவை எடுத்து வேலையைத் தொடர்கிறார். ஒரு சொட்டு இன்னும் உள்ளே போகவில்லை! அப்படியானால் அவரைத் தேற்றியது எது? காலையிலிருந்து முதல் தடவையாக அவராகவே ஒரு காரியத்தைத் தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானம்தான் தேற்றியது.

இதிலுள்ள குரூரம் என்னவென்றால், தன் கையில் ஒன்றும் இல்லை என்பதற்காகத் தேடிப்போன ஒன்று, நாளடைவில் கையையே எடுத்துக்கொள்கிறது. உடம்பு பழகிவிடுகிறது. குடிக்காவிட்டால் நடுங்குகிறது. இஷ்டத்துக்குக் குடித்தவன் இப்போது குடியின் இஷ்டத்துக்கு எழுந்து உட்காருகிறான். இன்னொரு குரூரமும் உண்டு. வெளியே இறங்கி இறங்கி வந்தவன், வீட்டுக்குள் நுழைந்ததும் தன்னைவிடக் கையாலாகாத ஒருத்தியைக் காண்கிறான். அவள் முன்னால் அவன் துரையாகிவிடுகிறான். லயத்துப் பெண்கள் பட்ட அடிகளுக்குப் பெரட்டுக்களத்தில் கணக்குப் பார்க்கலாம் என்று நான் சொல்வது, அந்த அடிகளை மன்னிப்பதற்காக அல்ல. அடி எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று தெரிந்தால்தான் அதை நிறுத்தவும் முடியும்.

கிள்ளான் கதையை முடித்துவிடுகிறேன். 1941 மே 5-ந் தேதி நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுதலை செய்யக் கோரி ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூரில் மேலும் பரவியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். எந்தத் துரைக்காகச் சைக்கிளை விட்டு இறங்கினார்களோ அந்தத் துரைமார் ஓடுவதைத் தொழிலாளர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். பின்னர் வந்த கஷ்டங்கள் முன்னதைவிடக் கொடியவை. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆனால் அதே காலத்தில்தான், 1943-ல், நேதாஜியின் படையில் தோட்டத்து ஆண்களும், ஜான்ஸி ராணி படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்து அணிவகுத்தார்கள். அதுவரை வரிசையில் நின்றது பெயர் கூப்பிடுவதற்காக. இப்போது நின்றது வேறொன்றுக்காக.

யுத்தம் முடிந்தது. துரைமார் திரும்பி வந்தார்கள். கள்ளுக்கடையும் திரும்பி வந்தது. ஆனால் பழைய தொழிலாளி திரும்பி வரவில்லை. வடக்கே கெடா மாநிலத்தில், பிடோங் பக்கத்துத் தோட்டங்களில், 'தொண்டர் படை' என்று ஒன்று கிளம்பியது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். லயத்துச் சச்சரவுகளைத் தாங்களே கூடித் தீர்த்துக்கொண்டார்கள். குடித்தவர்களைக் கண்டித்தார்கள், அதில் கடுமையும் இருந்தது. 1947-ம் வருஷத் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். மறியல் போலீசாரோடு மோதலாக முற்றி, அங்கேயும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. படிப்பில்லாதவர்கள், வாக்குரிமை இல்லாதவர்கள், குடிகாரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்கள் ஒன்றுசேர்ந்து நின்று, தங்கள் வாழ்க்கை தங்கள் கைக்கு வரும் என்று சற்றே நம்பிக்கை பெற்றதும், முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று கள்ளுக்கடை.

தமிழர் கதையானதால் நான் பரிந்து பேசுவதாக யாருக்காவது தோன்றலாம். ஆகையால் கள்ளையும் தமிழரையும் சற்று ஒதுக்கிவிட்டு, வேறு நாட்டாரையும் வேறு போதையையும் பார்ப்போம். அதே தென்கிழக்காசியாவில், சுமார் 25 வருஷங்களுக்குப் பிறகு நடந்தது அது.

1971-ல் வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் பட்டாளத்தில் ஹெராயின் புகுந்துவிட்டது என்ற செய்தி வாஷிங்டனைக் கலக்கியது. ஹெராயின் கள்ளின் ஜாதி அல்ல. பிடித்தால் விடாது என்று உலகமே ஒப்புக்கொண்ட அரக்கன். அங்கே அது மலிவு. மிகச் சுத்தமான சரக்கு. புகையிலையோடு கலந்து சுருட்டிப் புகைப்பார்கள். இத்தனை பையன்களும் அடிமைகளாக ஊர் திரும்பினால் தேசம் என்ன ஆகும் என்று ஜனாதிபதி நிக்ஸனுக்குக் கவலை. ஊருக்கு விமானம் ஏறுமுன் ஒவ்வொருவனுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வைத்தார்கள். ஊர் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து விசாரிக்கும் பொறுப்பை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தார்கள்.

1971 செப்டம்பரில் திரும்பிய சிப்பாய்களிலிருந்து அவர் பொறுக்கி எடுத்து விசாரித்தார். ஐந்தில் ஒருவர், வியட்நாமில் இருந்தபோது போதைக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார். பயந்தது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த கணக்கைத்தான் பலர் நம்ப மறுத்தார்கள். அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் பத்து மாதங்களில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்! மூன்று வருஷம் கழித்து எடுத்த கணக்கிலும் நூற்றுக்குப் பன்னிரண்டுதான். பெரும்பாலோருக்குச் சிகிச்சை என்று ஒன்றுமே நடக்கவில்லை.

ஏன் அங்கே தொட்டார்கள், ஏன் இங்கே விட்டார்கள்? அங்கே தொட்டதற்குக் காரணம் குண்டுக்குப் பயந்த பயம் என்று நினைப்போம். ராபின்ஸ் கண்டது அது அல்ல. பலர் சண்டையைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். பட்டாள வாழ்க்கையைச் சகித்துக்கொள்ள அது உதவியது என்று சொன்னார்கள். அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது? எப்போது எழுவது, எங்கே போவது, எதற்காகப் போவது என்று எல்லாமே பிறர் சொல்வது. தனக்கென்று உள்ள வேலை, வீடு திரும்பும் நாளை எண்ணுவது ஒன்றுதான். ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக்கும் இதற்கும் வெகு தூரம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் திரும்பியதும் அவன் யாரோ ஒருத்தியின் கணவன், ஏதோ ஒரு பட்டறையில் வேலைக்காரன், தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவன். ஊரில் அந்த விலைக்கு அவ்வளவு சுத்தமான சரக்கு கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணந்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேடியவனுக்கு அமெரிக்க நகரங்களில் ஹெராயின் அகப்படாமல் இல்லை. பெரும்பாலோர் தேடவில்லை.

புத்திசாலி வாசகர் ஒருவர் இங்கே என்னை மடக்கலாம். "குடியை விட நினைப்பவர்களுக்காக அமெரிக்காவில் ஒரு பெரிய சங்கம் இருக்கிறதே! அதில் சேருகிறவன், மதுவின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வதல்லவா முதற்படி? சக்தியின்மைதான் குடிக்குக் காரணம் என்றால், சக்தியின்மையையே மருந்தாகக் கொடுக்கிறார்களே?" நல்ல கேள்வி. அந்தச் சங்கம் பிறந்த கதையே இதற்குப் பதில் சொல்கிறது.

1935 மே மாதம். பில் வில்ஸன் என்ற நியூயார்க் பங்கு வியாபாரி. குடியால் அழிந்து, குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். ஒஹாயோ மாகாணத்தில் அக்ரன் என்ற ஊருக்கு ஒரு வியாபாரக் காரியமாக வந்தார். காரியம் தோற்றுவிட்டது. அந்நிய ஊரில், ஹோட்டல் கூடத்தில், தனியே நிற்கிறார். ஒரு பக்கம் மதுச்சாலையின் கலகலப்பு காதில் விழுகிறது. இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்து மாதா கோவில்களைக் கூப்பிட்டு, "இந்த ஊரில் நான் பேசி உதவக்கூடிய குடிகாரர் யாராவது உண்டா?" என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் அந்தச் சங்கம்.

கவனியுங்கள். தோற்றுப்போன ஒரு மனிதன் அன்று மாலை குடிக்காமல் தப்பியது, "நான் பலசாலி" என்று மார்தட்டியதால் அல்ல. தன்னால் இன்னொருவனுக்கு ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது என்று தேடிப் போனதால். சரக்கின் முன்னால் தோற்றதை ஒப்புக்கொண்டவனுக்கு அந்தச் சங்கம் உடனே கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறது. நாற்காலி போடு, காப்பி கலக்கு, புதிதாக வந்தவனோடு பேசு. அவனுக்காக ஒருவன் காத்திருக்கிறான் என்று ஆகிவிடுகிறது. கெடாவின் தொண்டர் படையிலும் இளைஞர்களுக்குக் கிடைத்தது இதுவே என்று நினைக்கிறேன்.

சக்தியற்றவர்கள் எல்லாரும் குடிப்பதில்லை. குடிப்பவர்கள் எல்லாரும் கூலிக்காரர்கள் அல்ல. பங்களாவில் இருப்பவரும் குடிக்கிறார். தகப்பனாரின் முன்னால் வாய் திறக்க முடியாத லட்சாதிபதி உண்டு. மகன் முகங்கொடுத்துப் பேசாத ஜட்ஜு உண்டு. அவர்களுக்கும் தினம் இறங்க வேண்டிய ஒரு சைக்கிள் இருக்கிறது. அது வெளியே தெரிவதில்லை. அதே லயத்தில் அதே பெரட்டில் நின்றும் ஒரு நாளும் கள்ளைத் தொடாதவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மனவுறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் உறுதியாக இருந்தான் என்பது மற்றவன் நின்ற இடத்தை நியாயப்படுத்திவிடாது.

நம் ஊரிலும் கடையைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறோம். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மூடினார். 1948-ல் மாகாணம் முழுவதும் மூடினார்கள். 1971-ல் திறந்தார்கள். மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2003-லிருந்து சர்க்காரே சில்லறைக் கடை நடத்துகிறது. மூடுவதா திறப்பதா என்ற வாதத்தில் எனக்குப் பட்சம் உண்டு. கடைகள் குறைய வேண்டும் என்பவன் நான். ஆனாலும் கடையை மூடச் சொல்கிறவர்கள் கிள்ளான் தொழிலாளர் எழுதிய முறையை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர்கள் கள்ளுக்கடையைத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதவில்லை. கூலியோடு எழுதினார்கள். பிள்ளைகளின் படிப்போடும் மனைவியின் மானத்தோடும் எழுதினார்கள். மூன்று வரி தள்ளிச் சைக்கிளையும் எழுதினார்கள்.